ஆற்றை ஆக்கள்?

யாழ்ப்பாணத்து வம்சாவளி ஆராய்ச்சிக்காரர் புதிதாகக் காணும் பெடியனிடம் பெயர் கேட்கமாட்டார், "தம்பி ஆற்றை மோன்?" என்றுதான் தொடங்குவார். பெரும்பாலும் ஓய்வூதியக்காரர். மேசையில் செல்லரித்த சீதன உறுதிகள், பக்கத்தில் றப்பர் வளையம் போட்ட கல்வெட்டுக் கட்டு. இது பாறையில் பொறித்த கல்வெட்டல்ல. அந்தியேட்டிச் சடங்குக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகம். தேவாரம், காலமானவரின் சரித்திரம், புலம்பல், வம்சாவளி எல்லாம் அதில் இருக்கும். இவற்றைக்கொண்டு அவர் நிறுவ நினைப்பது ஒன்றே: தாங்கள் நல்லூரிலிருந்து யாழ்ப்பாணத்தை ஆண்ட அரசரின் வழி. அது சரிவராவிட்டால் கைலாயமாலை என்னும் பழைய நூல் சொல்லும் குடியேற்றத் தலைவர் ஒருவரின் வழி. இணுவிலாருக்குப் பேராயிரமுடையான், புலோலியாருக்குக் கனகமழவன், தெல்லிப்பழையாருக்குச் செண்பகமாப்பாணன் என்று ஊருக்கொரு பிரபு ஆயத்தமாக இருக்கிறார்.

வழக்கு நல்லதுதான், சாட்சிகள்தான் தள்ளாடுகிறார்கள். மயில்வாகனப் புலவர் அந்த அரசர்களின் கதை சொல்லும் யாழ்ப்பாண வைபவமாலையை எழுதியது 1736 அளவில், ஒல்லாந்த அதிகாரி ஒருவர் கேட்டதற்காக. அந்த அரசு போர்த்துக்கேயரிடம் விழுந்தது 1619 இல். இடையில் நூறு வருடத்துக்கு மேல். அரச குடும்பத்தவர் சிலரைப் போர்த்துக்கேயர் கோவாவுக்குக் கொண்டுபோய்த் துறவு மடங்களில் சேர்த்துவிட்டார்கள். மடத்தில் சேர்ந்தவருக்குப் பூட்டப்பிள்ளை ஏது? ஒல்லாந்தர் எழுதிய தோம்போ, ஆளையும் காணியையும் வரிக்காக எண்ணிய பதிவு. அதில் மூதாதையைத் தேடினால் முடி சூடியவர் கிடைக்கமாட்டார், வரி கட்டியவர்தான் கிடைப்பார். மிஞ்சுவது கல்வெட்டு. செத்தவீட்டில் எவரும் சத்தியக்கடதாசி கேட்பதில்லை. பேரனார் "அரச பரம்பரையில் உதித்தார்" என்று பாட்டில் வந்துவிட்டால் பேரனுக்கு அதுவே அத்தாட்சி.

அப்படியே ஒப்புக்கொண்டாலும் கணக்கு இடிக்கிறது. தலைமுறைக்கு 30 வருடம் வைத்தால் 1619 இலிருந்து இன்றுவரை ஏறக்குறைய 13 தலைமுறை. 13ஆம் படியில் ஒருவருக்கு 8192 மூதாதையர் இடங்கள். மச்சான் மச்சாள் கலியாணத்தால் ஒரே ஆள் பல இடத்தில் இருப்பார். ஆட்தொகை குறையும், ஆனாலும் ஒன்றாகிவிடாது. அரசர் ஓரிடத்தில் இருந்தாலும் மற்ற இடங்களில் இருந்தவர்கள் யார்? தோட்டம் கொத்தியவர், கடலுக்குப் போனவர், பனை ஏறியவர் எல்லாரும் அதற்குள் இருக்கலாம். அரசருக்குச் சந்ததி தழைத்திருந்தால் அது இவர் வளவு வேலியோடு நின்றிருக்காது. வேலிக்கு அப்பால் இருப்பவரும், இவர் கிணற்றடிக்கு வரக்கூடாதென்று விலக்கியவரும் இளவரசர்களே. வழக்கில் வென்றால் பெருமை போய்விடும்.

"பறங்கியர் செய்யவில்லையோ?" என்பார். கொழும்பில் 1908 இல் அமைந்த ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தந்தைவழி பார்த்துத்தான் ஆள் சேர்த்தது, மெய். ஆனால் அவர்களிடம் கோயில்பற்றின் ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகள் இருந்தன. அவர்கள் தேடியதும் ஒல்லாந்தக் கொம்பனியில் வேலைபார்க்க வந்த ஆளை, முடியை அல்ல. "எங்கட ஏடுகள் 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தோடு எரிந்ததே" என்பார். எரிந்தது உண்மை, இழப்பும் பெரிது. ஆனால் எரிந்த ஏட்டில் தன் பெயர் இருந்ததென்று எவரும் சொல்லலாம், ஏடு மறுக்காது. "இதனால் ஆருக்கு நட்டம்?" என்பது கடைசிக் கேள்வி. சரித்திர ஆசையோடு நின்றால் நட்டமில்லை. ஆனால் இந்த ஆராய்ச்சி பெரும்பாலும் கலியாணப் பேச்சில்தான் அரங்கேறும். அங்கே வம்சாவளி சேர்ப்பதற்கல்ல, தட்டிக்கழிப்பதற்கே விரிக்கப்படும்.

நன்றியும் சொல்லவேண்டும். அவர் கட்டிவைத்திராவிட்டால் அந்தக் கல்வெட்டுகளில் பாதி அடுப்பெரிக்கப் போயிருக்கும். அரசர் கிடைக்காவிட்டாலும் ஆர் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார், எந்த வருடம் மலாயாவுக்குக் கப்பலேறினார் என்பது அதில் கிடக்கிறது. அவர் அதைப் புரட்டிவிட்டு அரசரைத் தேடுவார். ஒருநாள் அவருக்கும் கல்வெட்டு அச்சாகும். முதற்பக்கத்திலேயே "நல்லூர் அரசர் வழித்தோன்றல்" என்றிருக்கும். ரொறன்ரோவில் இருக்கும் பேரன் அதைப் படமெடுத்து வைத்துக்கொள்வான். ஆதாரம் கிடைத்தாயிற்று.