பூட்டர் இயல்

திறன்பேசிக்கு ஏற்கெனவே ஒரு பூட்டு இருக்க, அதைத் திறந்த பிறகு உள்ளே இருக்கும் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியே ஒரு பூட்டைப் போட்டு, அந்தப் பூட்டுகளை ஆளும் பூட்டுச் செயலிக்கும் ஒரு பூட்டைப் போட்டு, அதன் பிறகும் மனம் ஆறாமல் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுப்பவரைச் செயலிப்பூட்டர் என்றும், சுருக்கமாகப் பூட்டர் என்றும் வழங்கலாம். இவர் தமிழகத்தின் பெருநகரங்களிலும் சிற்றூர்களிலும் ஒருங்கே காணப்படுபவர். பெரும்பாலும் ஐம்பதைக் கடந்த ஆண். ஓர் ஆயுள் காப்பீட்டுப் பத்திரம், தவணை முடியாத ஒரு வீட்டுக்கடன், ஒரு பழைய ஸ்கூட்டர், இரண்டு வாட்ஸ்அப் குழுக்களின் நிர்வாகப் பொறுப்பு ஆகியவை இவருடைய உடைமைகள். மறைப்பதற்கென்று இவரிடம் எதுவும் இல்லை என்பதே இவருடைய தலையாய இலக்கணம். உண்மையிலேயே மறைக்க வேண்டியது உடையவர் பூட்டுப் போட்டுக்கொண்டிருப்பதில்லை. இன்னொரு போன் வாங்கிவிடுகிறார். அவர் இவ்வியலின் எல்லைக்குள் வரமாட்டார்.

பூட்டரின் மரபு திறன்பேசிக்கு மிகவும் முந்தியது. வீட்டைப் பூட்டிய பின் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை சென்று, ஐயம் மேலிட்டு ஆட்டோவை நிறுத்தச் சொல்லித் திரும்பி வந்து, நான்காம் முறை ஏறக்குறைய அதில் தொங்கியே பார்த்துவிட்டு ரயிலைத் தவறவிட்ட தந்தைமாரின் நேர்வாரிசு இவர். அத்தந்தையின் கையில் இருந்தது திண்டுக்கல் பூட்டு. அதாவது ஓர் ஊரின் பெயரை அவ்வூரில் விளையும் அல்லது செய்யப்படும் பொருளுக்கே உரியதாக்கும் புவிசார் குறியீட்டை 2019-ல் பெற்ற, இரும்பிலும் பித்தளையிலும் கைவினைஞர் செய்யும் பூட்டு. அதற்குக் கனம் உண்டு, விழும்போது ஒரு சத்தம் உண்டு, இடுப்பில் செருகிக்கொள்ள ஒரு சாவியும் உண்டு. செயலிப்பூட்டுக்கு இம்மூன்றும் இல்லாமையால் இவர் வேறு வழியில் இழுத்துப் பார்க்கிறார்: பூட்டிய செயலியைத் தொட்டு, அது கடவுஎண் கேட்கிறதா என்று பார்த்து, கேட்டதும் முகம் மலர்ந்து, எண்ணைத் தராமலேயே திரும்பிவிடுகிறார். ஒரு நாளில் இவர் செயலியைப் பயன்படுத்தத் தொட்ட தடவைகளைக் காட்டிலும் பூட்டைச் சோதிக்கத் தொட்ட தடவைகளே மிகுதி.

இவருக்குரிய கருவிகளைப் படைத்த நிறுவனங்கள் முதலில் மனத்தில் கொண்டது இவரையன்று, குழந்தையை. போனைக் குழந்தையின் கையில் கொடுக்கும்போது அது ஒரே செயலிக்குள் கட்டுண்டு கிடக்கும்படி செய்யும் வசதியை ஆப்பிள் 2012-லும், திரையில் இருக்கும் செயலியை ஆணியடித்தாற்போல் நிறுத்திவைக்கும் வசதியைக் கூகுள் 2014-ல் வந்த ஆண்ட்ராய்டு ஐந்தாம் பதிப்பிலும் தந்தன. ஆயினும் செயலிகளைத் தனித்தனியே முகத்தாலோ விரலாலோ பூட்டும் வசதி ஐபோனின் இயங்குதளத்திலேயே அமைந்தது 2024-ல்தான். அதே ஆண்டில் ஆண்ட்ராய்டு பதினைந்தாம் பதிப்பும் செயலிகளை ஒளித்துவைக்கத் தனியறை ஒன்றைக் கொடுத்தது. அதற்கு முந்திய ஆண்டுகளில் ஆண்ட்ராய்டு வைத்திருந்த பூட்டர், விலையுயர்ந்த ஐபோன் வைத்திருந்த தம் மைத்துனரைப் பார்த்து, "உங்க போன்ல கேலரியைப் பூட்ட முடியாதாமே, மாப்ளே" என்று கேட்டு அடைந்த நிறைவு, சீர் வரிசையில் விட்டுப்போன குறையை எல்லாம் ஈடுசெய்தது எனலாம்.

ஆண்ட்ராய்டு பூட்டர் வெகுகாலம் நம்பியிருந்தது இலவசமாகக் கிடைக்கும் பூட்டுச் செயலிகளை. இவை உண்மையில் எதையும் பூட்டுவதில்லை. திரையில் எந்தச் செயலி முன்னுக்கு வருகிறது என்று ஒற்றரைப் போல் பார்த்துக்கொண்டிருந்து, குறிப்பிட்ட செயலி வந்ததும் அதன்மேல் ஒரு திரைச்சீலையை இழுத்துவிடுகின்றன. பூட்டுச் செயலியைக் கழற்றி எறிந்தாலோ, வெளியிலிருந்து நிறுவிய செயலிகளை உறங்கவைத்துவிடும் பாதுகாப்புப் பயன்முறையில் போனைத் தொடங்கினாலோ சீலை காணாமற்போகும். மின்கலத்தைச் சேமிக்கும் ஆர்வத்தில் போனே ஒற்றரைத் தூங்கவைத்துவிடுவதும் உண்டு. இவற்றுள் பல, கடவுஎண் கேட்கும் இடத்திலேயே விளம்பரமும் காட்டுவதால், காவலுக்கு வைத்த கூர்க்கா வாசலில் நின்று சோப்பு விற்கும் காட்சியைப் பூட்டர் நாள்தோறும் காண்கிறார். ஆயினும் அவர் மனம் தளர்வதில்லை. விற்கட்டும், காவலும் காக்கிறானே என்பது அவர் கட்சி.

பூட்டுக்குச் சாவி எது என்னும் வினாவில்தான் பூட்டரின் வாழ்க்கை வரலாறே அடங்கியுள்ளது. அவர் முதலில் தேர்ந்தது கோலப்பூட்டு. அதாவது வரிசைக்கு மூன்றாக ஒன்பது புள்ளிகளை விரலெடுக்காமல் இணைத்து வரையும் வடிவம். விதிப்படி இவ்வாறு வரையத்தக்க வடிவங்கள் 3,89,112 என்று அறிந்தபோது இவரடைந்த பெருமிதத்துக்கு அளவில்லை. ஆனால் மூன்று புள்ளி மூன்று வரிசை என்பது மார்கழி மாதத்தில் பதினைந்து புள்ளிக் கோலத்தை நின்ற நிலையில் குனிந்து, ஒரு புள்ளியும் பிசகாமல் போட்டு முடிக்கும் இல்லத்தரசிக்கு விளையாட்டுச் சாமான் என்பதை இவர் எண்ணிப் பார்க்கவில்லை. கூடத்தின் மறுகோடியில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த நிலையிலேயே, கணவரின் கட்டைவிரல் போன திசையைக் கொண்டு, அந்த அம்மையார் முதல் நாளே வடிவத்தைக் கண்டுகொண்டார். தொடுதிரையில் விரல் விட்டுச் செல்லும் எண்ணெய்த் தடத்தை ஒளிப்படம் எடுத்துக் கோலத்தைக் கண்டறியலாம் என்று பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ல் ஒரு கட்டுரையே எழுதினார்கள். உளுந்துவடை தின்ற கையால் போனைத் தொடும் ஒரு வீட்டில் இதற்கு ஆய்வுக்கூடம் தேவைப்படுவதில்லை.

அடுத்து வந்தது விரல்ரேகை. முன்பின் தெரியாத ஒருவரின் விரல் தற்செயலாகப் பொருந்திவிடும் வாய்ப்பு 50,000-ல் ஒன்று என்று ஆப்பிள் தன் விரல்ரேகைப் பூட்டைப் பற்றிக் கூறுகிறது. கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் பூட்டரின் போனைத் திறக்க முயல்வோருள் முன்பின் தெரியாதவர் எவரும் இல்லை. மதிய உணவுக்குப் பின் ஈசிசேரில் வாய் திறந்து உறங்கும் தாத்தாவின் கட்டைவிரலை, கொசு உட்கார்ந்த அளவு அழுத்தத்தோடு பற்றித் திரையில் ஒற்றி எடுக்கும் கலையில் பேத்தி தேர்ந்தவள். மேலும் குளித்த விரல், தயிர்ச்சாதம் பிசைந்த விரல், வெங்காயம் உரித்த விரல் ஆகியவற்றைப் போன் அடையாளம் காண மறுத்துவிடுவதால், உரியவருக்கு மூடியும் பிறருக்குத் திறந்தும் இருக்கும் அரிய பூட்டாக அது முடிந்தது.

இறுதியில் பூட்டர் சரண் புகுந்தது கடவுஎண்ணில். நான்கு இலக்கக் கடவுஎண் என்னும் வழக்கத்துக்குச் சுவையான ஒரு பூர்வகதை உண்டு. 1967-ல் லண்டனின் என்ஃபீல்டு பகுதியில் நிறுவப்பட்ட பணம் வழங்கும் இயந்திரத்தை உருவாக்கியவர், ஷில்லாங்கில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரரான ஜான் ஷெப்பர்ட்-பேரன். அவர் முதலில் ஆறு இலக்கங்களை எண்ணியிருந்ததாகவும், சமையலறை மேசையில் மனைவியைக் கேட்டபோது தம்மால் நான்குக்கு மேல் நினைவில் வைக்க முடியாது என்று அவர் சொல்லிவிட்டதால் நான்காயிற்று என்றும் அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். நான்கு இலக்கத்தில் 10,000 எண்கள் அமையும். அவற்றுள் தம் பிறந்த ஆண்டு, திருமண ஆண்டு, மகன் பிறந்த ஆண்டு ஆகியவற்றை வீட்டார் அறிவர் என்பதால் தள்ளிவிட்டு, உலகில் எவராலும் ஊகிக்க முடியாதது என்று தாம் உறுதியாக நம்பிய ஓர் எண்ணைப் பூட்டர் தேர்ந்துகொண்டார். அது எது என்பதற்கு இவ்வியல் பின்னர் வரும்.

பூட்டப்பட்டவை எவை என்பதை இனி நோக்கலாம். படத்தொகுப்பில் இருப்பவை, ரோஜாப்பூவின் நடுவே பிள்ளையார் வீற்றிருக்கும் காலை வணக்கப் படங்கள், பட்டாவின் மங்கலான நகல், பெருவிரல் பாதி மறைத்த ஒரு காதுகுத்து விழா, மின்வாரிய அட்டை. கடிகாரச் செயலியையும் இவர் பூட்டிவிட்டமையால், விடியற்காலை ஐந்து மணிக்கு அலாரம் அலறும்போது அதன் வாயை அடைப்பதற்கே கண்ணாடியைத் தேடி, விளக்கைப் போட்டு, கடவுஎண்ணை அழுத்த வேண்டியிருக்கிறது. அதற்குள் அடுத்த வீட்டாரும் எழுந்து காபிக்குப் பால் வைத்துவிடுகின்றனர். கணிப்பான் வேடத்தில் இருக்கும் மறைபெட்டி என்று ஒரு செயலி உண்டு. பார்ப்பதற்குக் கூட்டல் கழித்தல் போடும் கருவியாகவே இருந்து, இரகசிய எண்ணை அடித்தால் மட்டும் உள்ளறையைத் திறந்து காட்டுவது. இதை நிறுவிய பூட்டர், உள்ளே வைப்பதற்கு ஒன்றும் அகப்படாமல், ஆறு மாதமாக அதில் காய்கறிக் கணக்குப் போட்டுவருகிறார்.

தவறான எண்ணை அழுத்துபவரைப் போனே ஓசையின்றிப் படம் பிடித்துவைக்கும் ஏற்பாடும் சில பூட்டுச் செயலிகளில் உண்டு. திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்கும் நோக்கில் பூட்டர் இதையும் இயக்கி வைத்தார். மாத முடிவில் திறந்து பார்த்தபோது அகப்பட்டிருந்த முகங்கள் அனைத்தும் ஒருவருடையவையே: கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதைத் தேடும் முகம், தூக்கத்தில் பாதி விழித்த முகம், எண் மறந்து விட்டத்தைப் பார்க்கும் முகம். தம் வாழ்நாளில் இத்தனை இயல்பாக இவர் எந்த ஒளிப்படத்திலும் விழுந்ததில்லை என்பது குடும்பத்தாரின் கருத்து.

பூட்டின் வெற்றியும் சில வேளைகளில் இடராக முடிகிறது. குறிப்பிட்ட உரையாடலை மட்டும் தனியே பூட்டும் வசதியை வாட்ஸ்அப் 2023-ல் கொண்டுவந்தது. அவ்வாறு பூட்டிய உரையாடலில் செய்தி வந்தால், அனுப்பியவர் பெயரும் செய்தியும் அறிவிப்பில் தெரிவதில்லை. பூட்டர் முதலில் பூட்டியது, மரியாதை கருதி, மனைவியின் உரையாடலை. "வரும்போது தயிர் வாங்கிட்டு வாங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்திருக்காங்க" என்னும் செய்தி அன்று மாலை முழுவதும் அந்த இரும்புப் பெட்டகத்துள் பத்திரமாக இருந்தது. இதற்கு நேர்மாறாக, குறுஞ்செய்திச் செயலியை ஒன்றுக்கு இரண்டாகப் பூட்டியிருந்தும், வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லாகிய ஓடிபி அறிவிப்பாகத் திரையின் உச்சியில் வந்து எல்லாருக்கும் தரிசனம் தருகிறது. போன் கூடத்தில் சார்ஜில் கிடக்க, பூட்டர் வங்கி வேலையை மகனின் மடிக்கணினியில் பார்த்துக்கொண்டிருக்க, ஆறு இலக்கங்களையும் மகன் உரக்கப் படித்துச் சொல்ல, "மெல்லச் சொல்லுடா, யார் காதுலயாவது விழப்போவுது" என்று இவர் கடிந்துகொள்வது வழக்கம்.

பூட்டருக்குச் சித்தப்பா முறையில் ஓர் உறவினர் உண்டு. அவரை நோன்பர் எனலாம். இவர் பூட்டுவது பிறருக்கு எதிராக அன்று, தமக்கு எதிராகவே. ஒரு செயலியை நாளொன்றுக்கு இத்தனை நிமிடம் என்று வரையறுத்து, அளவு கடந்ததும் அதை மூடிவிடும் வசதியை 2018-ல் கூகுளும் ஆப்பிளும் அடுத்தடுத்துத் தந்தன. ஆண்ட்ராய்டில் சின்னம் நிறமிழந்து சாம்பல் பூசிய சந்நியாசியாகிவிடும். ஐபோனோ காலக்கெடு முடிந்த பின்னும் இன்னும் ஒரு நிமிடம் வேண்டுமா, இன்றைக்கு மட்டும் விட்டுவிடலாமா என்று தாயுள்ளத்தோடு கேட்கும். ஏகாதசிக்குச் சோற்றைத் துறந்து, பலகாரம் என்னும் பெயரில் ரவை உப்புமாவும் கேசரியும் வாழைப்பழமும் உண்டு விரதம் காத்த முன்னோரின் வழியில், நோன்பரும் அந்தக் கேள்விக்கு நாள்தோறும் இசைந்துவருகிறார். குழந்தைக்கு யூடியூபைப் பூட்டிவைக்கும் தாய்மாரைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. அதே காணொளிகள் உலாவி வழியாகவும் வரும் என்பதைக் குழந்தை மூன்றாம் நாள் கண்டுபிடித்துவிடுகிறது.

எதுவும் இல்லாதவர் எதற்காகப் பூட்டுகிறார் என்று நகைப்பவர், இவர் வளர்ந்த வீட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு நகைக்கலாம். ஏழு பேர் இரண்டு அறையில் வாழ்ந்த வீடு. தனக்கென்று இருந்தது மரபீரோவில் ஒரு தட்டின் பாதி. வந்த கடிதத்தை முதலில் பிரித்தவர் தந்தை, அதன் பின் அனைவரும், முகவரிக்குரியவர் கடைசியில். தாழ்ப்பாள் உள்ள ஒரே அறை குளியலறை. அங்கும் வெளியில் ஒருவர் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். அவ்வாறு வளர்ந்தவர் ஐம்பத்து மூன்றாம் வயதில், கைக்கடக்கமான ஒரு பொருளுக்குள், பிறர் அனுமதி கேட்டு நுழைய வேண்டிய ஓர் அறையைப் பெற்றுவிட்டார். அறைக்குள் ரோஜாப்பூப் பிள்ளையார்தான் இருக்கிறார் என்றாலும் கதவு கதவுதான்.

இனி அந்த எண். படத்தொகுப்பைத் திறக்க வேண்டும் என்றாலோ, பணம் செலுத்த வேண்டும் என்றாலோ, பூட்டர் போனைக் கையில் எடுத்துக்கொண்டு பால்கனிக்குச் சென்று, கீழே தெருவைச் சற்று நேரம் பார்த்துவிட்டு உள்ளே வருவதை வீட்டார் நெடுங்காலம் கவனித்து வந்தனர். சிக்னலுக்காகப் போகிறார் என்று மகனும், எதிர்வீட்டுக்காரர் பார்க்கிறாரா என்று உறுதிசெய்யப் போகிறார் என்று மருமகளும் கருதினர். பேத்திதான் ஒருநாள் பின்னாலேயே சென்று, தாத்தாவின் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். வாசலில் நிற்கும் பழைய ஸ்கூட்டரின் பின்பக்கப் பலகையில், தெருவில் போவோர் வருவோர் யாவரும் படிக்கத்தக்கவாறு, கறுப்பு எழுத்தில் நான்கு இலக்கங்கள் இருந்தன. இச்செய்தியை இன்றுவரை பூட்டரிடம் எவரும் சொல்லவில்லை. ஸ்கூட்டரைச் சர்வீஸுக்கு விட்டிருக்கும் நாட்களில் மட்டும் அந்த வீட்டின் மின்கட்டணம் கட்டப்படுவதில்லை.