ஐயம் திரிபுடன் சேனல் தொடங்குவது எப்படி?

மாடித்தோட்டம் பற்றி ஒரு யூடியூப் சேனல் தொடங்கலாம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. பல வருடமாக மொட்டை மாடியில் கத்தரி, வெண்டை, செம்பருத்தி என்று வளர்க்கிறீர்கள். தெருவில் யார் வீட்டுச் செடி வாடினாலும் உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். இவ்வளவு தெரிந்தவர் நேராக மாடியேறி வீடியோ எடுத்தால் அது ஓடிவிடும் அபாயம் இருக்கிறது. அதைத் தவிர்க்கவே இந்தக் கையேடு.

முதல் படி, கருவிகள். கைபேசியே போதும் என்று சொல்பவர்களை அண்டவிடாதீர்கள். ரிங் லைட், காலர் மைக், கிம்பல், பச்சைத் திரை என்று ஒவ்வொன்றாக ஆர்டர் போடுங்கள். மொத்தமாகப் போட்டுவிடக் கூடாது. ஒரு பார்சல் வந்துசேரும்வரை வேலையைத் தொடங்காமலிருக்க நியாயமான காரணம் இருக்கும். வந்ததும் அடுத்த பார்சல். “வெயில்ல நிக்கிற செடிக்கு எதுக்குடா லைட்டு?” என்று அம்மா கேட்பார். அம்மாவுக்கு கன்டென்ட் புரியாது.

இந்தக் காத்திருப்பில் பொழுது போகாமல், யூடியூபில் முதன்முதலில் ஏற்றப்பட்ட வீடியோவைத் தேடிப் பார்த்துத் தொலைக்காதீர்கள். 2005 ஏப்ரல் 23 அன்று அதை ஏற்றியவர் அத்தளத்தை உருவாக்கிய மூவரில் ஒருவரான ஜாவேத் கரீம். சான் டியேகோ மிருகக்காட்சி சாலையில் யானைகளுக்கு முன்னால் நிற்கிறார். அவற்றின் துதிக்கை ரொம்ப நீளம் என்கிறார். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்று 19 நொடியில் முடித்துக்கொள்கிறார். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு நிறுத்தும் இந்தக் கெட்ட பழக்கம் தொற்றிக்கொண்டால் பிறகு பத்து நிமிட வீடியோ எடுப்பது எப்படி?

இரண்டாம் படி, குரல். பதிவு செய்ததைப் போட்டுக் கேளுங்கள். “ஐயோ, இதுவா நான்?” என்று ஒரு கூச்சம் வரும். வர வேண்டும். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்லாமல் மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் நம் காதுக்குள் போகிறது. எலும்பு தாழ்ந்த ஒலிகளை நன்றாகக் கடத்துவதால், நமக்கு மட்டும் நம் குரல் கொஞ்சம் கனமாகக் கேட்கும். மைக்குக்கு எலும்பு கிடையாது. பதிவில் இருக்கும் அந்த மெலிந்த குரலைத்தான் வீட்டிலும் தெருவிலும் இத்தனை காலம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். யாரும் ஊரைவிட்டு ஓடவில்லை. இந்த விஷயம் உங்களுக்குத் தெரியாத மாதிரியே இருந்துகொள்ளுங்கள். குறை மைக்கில்தான் என்று முடிவு செய்து, இன்னும் விலை கூடிய ஒன்றை வாங்குங்கள். அது அதே குரலை இன்னும் துல்லியமாகத் தரும்.

மூன்றாம் படிதான் கடினம், நிதானமாகச் செய்ய வேண்டும். நீங்கள் திருநெல்வேலிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். முதலில் உங்கள் பேச்சிலிருந்து திருநெல்வேலியைக் கழுவி எடுங்கள். “என்னல”வும் “வாங்க, போங்க”வுக்கு இடையே உள்ள அந்த இழுவையும் போகட்டும். தொலைக்காட்சித் தொகுப்பாளர் போல ஒவ்வொரு வாக்கியத்தையும் மேலே ஏற்றி முடியுங்கள். “ஹாய் மக்களே” என்று தொடங்குங்கள். செடி நட்டதும் “வேற லெவல்” என்று சொல்லுங்கள். வெண்டைக்காயில் எத்தனை லெவல் என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஆறு மாதம் இப்படிப் பேசினால் உங்கள் சித்தப்பாவே போன் செய்து, “உடம்புக்கு ஏதும் சரியில்லையாப்பா?” என்று விசாரிப்பார்.

அப்போதுதான் வட்டாரப் பேச்சில் பேசும் சேனல்கள் நன்றாக ஓடுவது உங்கள் கண்ணில் படும். உடனே கழுவிய ஊரைத் திரும்பக் கொண்டுவாருங்கள், மூன்று மடங்காக. வாக்கியத்துக்கு நாலு “ஏலே” போடுங்கள். உங்கள் ஆச்சி வாழ்நாள் முழுவதும் சொன்ன “ஏலே”க்களை ஒரே எபிசோடில் சொல்லிமுடித்துவிடலாம். சொந்த ஊர்ப் பேச்சையே மிமிக்ரியாகப் பேசும் இந்த நிலையை எட்டியவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். பெயர் சொன்னால் வம்பு.

நான்காம் படி, வெற்றி பெற்றவர்களைப் பார்த்துத் தவறான பாடம் கற்றல். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்திலிருந்து 2018-இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனலை எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா பெரியதம்பியும் பேரன்களும் வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள். பின்னணி இசையைவிட அம்மி அரைபடும் சத்தமும் எண்ணெய் பொரியும் சத்தமும்தான் காதில் விழும். சட்டியில் போடும் ஒவ்வொரு பொருளின் பெயரையும் கூவிச் சொல்வார்கள். 2021-இல் இந்தச் சேனல், ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆனது.

இதிலிருந்து நீங்கள் கற்க வேண்டியது, வேட்டி கட்டிக்கொண்டு கூவ வேண்டும் என்பது. பெரியதம்பி சேனலுக்கு முன்பே சமையல் வேலை பார்த்தவர் என்பதையோ, ஊருக்கே ஆக்கிப் போடும் அளவு அந்தக் கைக்குப் பழக்கம் என்பதையோ கணக்கில் எடுக்காதீர்கள். மாடியில் நின்று “மண்புழு உரம்!” என்று கூவுங்கள். கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார்.

ஐந்தாம் படி எடிட்டிங். விடுங்கள்.

ஆறாம் படி, சந்தேகத்துக்கு நீர் ஊற்றுதல். வீடியோ ஏற்றிய ஒரு மணி நேரத்தில் யூடியூப் ஸ்டூடியோவைத் திறங்கள். உங்கள் கடைசி பத்து வீடியோக்களில் இது எத்தனையாவது இடம் என்று அதுவே தரம் பிரித்துக் காட்டும். 10-இல் 10. பள்ளிக்கூடத்தோடு போயிற்று என்று நினைத்திருந்த ரேங்க் கார்டு கைக்குள்ளேயே வந்துவிட்டது. பெற்றோர் கையெழுத்துதான் பாக்கி.

விளம்பர வருமானம் வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். (ஷார்ட்ஸுக்கு வேறு கணக்கு.) இரவு இரண்டு மணிக்கு இதை வகுத்துப் பாருங்கள். ஒருவர் மூன்று நிமிடம் பார்த்தால் 80,000 பேர் பார்க்க வேண்டும். இப்போதைக்கு 41 பேர், அதில் பதினொன்று நீங்கள்.

மனம் இன்னும் உடையவில்லையென்றால் அழுது ஒரு வீடியோ போடலாம். “உங்ககிட்ட மனசு விட்டுப் பேசணும்” என்று தலைப்பு வையுங்கள். தம்ப்நெயிலில் கண்ணீருக்கு ஒரு சிவப்பு அம்புக்குறி. முதல் டேக்கில் கண்ணீர் சரியாக விழவில்லையென்றால் இன்னொன்று எடுங்கள்; மனசு எங்கும் போய்விடாது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. கமெண்ட்டில் என்றாவது ஒருவர், “எங்க செம்பருத்தியில பஞ்சு மாதிரி வெள்ளையா பூச்சி, என்ன பண்றதுன்னே தெரியலங்க” என்று கேட்பார். பதில் எழுதத் தொடங்கிவிடாதீர்கள். தொடங்கினால், அது மாவுப்பூச்சி, முதலில் மோசமான கிளைகளை வெட்டி எறியுங்கள், செடியில் எறும்பு ஏறுகிறதா பாருங்கள், ஏறினால் அதைத் தடுங்கள், மாவுப்பூச்சியின் தேன் போன்ற கழிவுக்காக எறும்புதான் அதைக் காவல் காக்கும், அப்புறம் லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்க்காவிட்டால் எண்ணெய் தண்ணீரில் கலக்காது, வெயில் தாழ்ந்த பிறகு அடிங்கள், இலையின் அடிப்பக்கத்தை விட்டுவிடாதீர்கள், எனக்கும் போன சித்திரையில் இதே தொல்லை என்று எழுதிக்கொண்டே போவீர்கள். ஒரு “ஹாய் மக்களே” இருக்காது, ஒரு “வேற லெவல்” இருக்காது. அதையே யாராவது மாடியில் நின்று பேசச் சொல்லிக் கேட்டுவிட்டால் இதுவரை பட்ட பாடெல்லாம் வீண். ஆகவே ஒரு ஹார்ட்டை மட்டும் தட்டிவிட்டு, புது மைக் பார்சல் எதுவரை வந்திருக்கிறது என்று பாருங்கள்.