கிதாரில் நம்பர் ஒன் யார்?

கேள்வி: உலகின் தலைசிறந்த கிதார் கலைஞர் யார்? மழுப்பாமல் ஒரே ஒரு பெயர் சொல்லவும்.

பதில்: எந்தத் தராசில் நிறுக்க? வேகம்தான் அளவு என்றால் பி.பி. கிங் முதல் சுற்றிலேயே அவுட். ஒற்றைச் சுரத்தை அசைத்தே அழவைப்பதுதான் அவருடைய ப்ளூஸ். விரல் பலம் என்றால் ஜாங்கோ ரைன்ஹார்ட் தேறமாட்டார். 1928 தீ விபத்தில் இடக்கையின் இரு விரல்கள் முடங்கியபின், மற்ற இரண்டை வைத்தே ஜாஸ் சோலோக்களில் பறந்தவர். இசைக்குறிப்பு படிக்கும் திறமை என்றால், காதால் கேட்டே வளர்ந்த ஃபிளமெங்கோ மேதை பாகோ தெ லூசியா ஃபெயில். 'அப்படியானால் எல்லாரும் சமமா?' என்பீர்கள். இல்லை, ஒரே பாணிக்குள் தாராளமாக ஒப்பிடலாம், ஏற்றத்தாழ்வும் சொல்லலாம். பாணி மாறினால் அளவுகோலே மாறிவிடுகிறது. ஆகவே ஒரு பாணிக்கு ஒருவர்: ப்ளூஸுக்கு கிங், ஜாஸுக்கு ஜாங்கோ, ஃபிளமெங்கோவுக்கு பாகோ, ராக்குக்கு ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். கடைசித் தீர்ப்புக்கு மட்டும் மேல்முறையீடு கிடையாது!