மூக்கும் முழியுமாக…

இந்த வாரம் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஒரு கொத்துக் கேள்விகள். எல்லாவற்றிலும் ஒரே பின்குறிப்பு: ‘தயவுசெய்து பெயர் போடாதீர்கள்.’ போடவில்லை.

கே: செல்ஃபி எடுத்தால் முகத்தில் மூக்கு மட்டும்தான் தெரிகிறது. ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

முதலில் போனை வேறு யாரிடமாவது கொடுத்து, ஐந்தடி தள்ளி நின்று எடுக்கச் சொல்லுங்கள். (உங்கள் ஊர் விமானப்படை மதில் பக்கம் திரும்பி எடுக்க வேண்டாம், மூக்கைவிடப் பெரிய சிக்கலாகிவிடும்.) ஒரு அடி தூரத்தில் பிடித்து எடுத்தால் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

அதற்குப் பிறகும் உறுத்தினால் டாக்டரைப் பாருங்கள். கையோடு நடிகை படத்தையும் எடுத்துப் போகலாம், தப்பில்லை. ஆனால் உங்கள் எலும்பும் குருத்தெலும்பும் தோலும் எவ்வளவு இடம் கொடுக்கிறதோ அவ்வளவுதான் டாக்டரால் முடியும். தோல் தடிமனாக இருந்தால் உள்ளே செதுக்கியது வெளியே அவ்வளவாகத் தெரியாது. வீக்கம் முழுசாக வடிய ஒரு வருஷம்கூட ஆகும். தை மாதம் முகூர்த்தத்தை வைத்துக்கொண்டு மார்கழியில் மூக்கைத் தொடாதீர்கள்.

கே: வயசு 23. இப்போதே நெற்றி மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. முடி நட்டால் பழையபடி ஆகுமா?

நடுவது புது முடி இல்லை தம்பி. பின்மண்டையில் இருப்பதை எடுத்து முன்னால் வைக்கிறார்கள். வலது பாக்கெட் பணத்தை இடது பாக்கெட்டில் போடுகிற கதை. மொத்தக் கையிருப்பு கூடாது. உங்கள் வயசில் வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நட்டது முன்னால் நிற்க, அதற்குப் பின்னால் இருக்கும் சொந்த முடி கொட்டிப்போனால் நடுவில் பொட்டல்தான் மிஞ்சும். நட்ட முடியும் முதலில் உதிரும். மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் முளைக்கத் தொடங்கும். முழுப் பலன் தெரிய ஒரு வருஷம் பிடிக்கும். ‘பத்தே நாளில் அடர்த்தி’ என்று நோட்டீஸ் கொடுத்தால் பஜ்ஜி எண்ணெய் ஒற்ற வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சிரிக்காமல் படிக்க வேண்டியது. 2016-ல் சென்னையில் முடி நடப் போன 22 வயசுப் பையன் இறந்துபோனார். அவரே மருத்துவக் கல்லூரி மாணவர். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், பயிலரங்கில் பார்த்ததும் யூடியூபில் பார்த்ததும் இந்தச் சிகிச்சைக்குப் பயிற்சி ஆகாது என்று எழுத்திலேயே சொன்னது. அதை எழுத வேண்டிய நிலை வந்ததே, அதுதான் எனக்குப் பயம். ஏ.சி.யையும் சோபாவையும் பார்த்து மயங்காதீர்கள். செய்யப்போகிறவர் பிளாஸ்டிக் சர்ஜனா, தோல் மருத்துவரா, மயக்க மருந்து கொடுப்பது யார், ஏதாவது ஆனால் எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவார்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். முகம் சுளித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

கே: லைப்போசக்‌ஷன் செய்தால் 20 கிலோ குறையுமா?

குறையாது. அது இடுப்பின் வடிவத்தைத் திருத்த, எடையைக் குறைக்க அல்ல. ஒரே தடவையில் 5 லிட்டருக்கு மேல் உறிஞ்சினாலே ஆபத்து கூடும். மிச்சத்தைப் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடந்துதான் கரைக்க வேண்டும்.

கே: அரசு ஆஸ்பத்திரியில் இலவச அழகு சிகிச்சையா? வரிப்பணம் வீண்தானே? (ஓய்வுபெற்ற டாங்கி ஃபேக்டரி ஊழியர்)

2018-ல் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மார்பகச் சீரமைப்பை இலவசமாகச் செய்யத் தொடங்கியபோதும் இதே சண்டைதான் சார். ஏழைக்கு மட்டும் ஏன் கிடைக்கக் கூடாது, கடன் வாங்கியோ ஆபத்தான வழியிலோ போய்விடுவார்களே என்றார் அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர். எனக்கு அதில் உடன்பாடுதான். பாரம் தாங்காமல் கழுத்தும் முதுகும் வலித்து, உள்ளாடைப் பட்டை தோளில் பள்ளமாகவே பதிந்துபோன பெண்ணிடம் போய் ‘அழகுக்காகவா?’ என்று கேட்டுப் பாருங்கள். புற்றுநோயில் ஒரு மார்பை இழந்தவரிடமும் கேளுங்கள். பதில் கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள்.

வெறும் அழகுக்கு என்றால் மெடிக்ளைம் பைசா தராது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பு என்றால் கணக்கு வேறு. பாலிசியைப் படியுங்கள்.

கே: கல்யாணத்துக்குள் வெள்ளையாக ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார் அத்தை.

குளுட்டாதயோன் ஊசியைச் சொல்கிறார். நிறத்தை வெளுக்க என்று அதற்கு இந்தியாவில் அனுமதி கிடையாது. பக்கத்தில் இலவசக் கண் முகாம் நடந்தால் அத்தையை அழைத்துப் போங்கள்.

கே: முகத்தைச் சரிசெய்துகொண்டால் வீட்டுக்காரர் பழையபடி என்னைப் பார்ப்பாரா?

போனிலிருந்து தலையைத் தூக்கினால்தானே அம்மா எதையும் பார்ப்பார்?

கோபப்படாதீர்கள். இந்தக் கேள்வியை அப்படியே டாக்டரிடமும் கேளுங்கள். எதை மாற்ற வேண்டும், ஏன் இப்போது, யாருக்காக என்று அவர் திருப்பிக் கேட்டால் நல்ல டாக்டர். ‘அவருக்காக’ என்று நீங்கள் சொன்னதும் ‘இப்போது வேண்டாம்’ என்றால் இன்னும் நல்ல டாக்டர். தொங்கும் இமையைத் தூக்கலாம், தழும்பை மங்கலாக்கலாம். வீட்டுக்காரரின் கவனத்துக்குத் தையல் போட ஊசி இல்லை. சிலருக்கு மற்றவர் கண்ணுக்கே படாத குறை கண்ணாடியில் பூதமாகத் தெரியும். அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மனநல மருத்துவரை. கத்தி வைத்தால் அந்தக் குறை மூக்கிலிருந்து தாடைக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

கே: ஊருக்கெல்லாம் உபதேசம். நீங்கள் முகத்தில் ஏதாவது செய்துகொண்டது உண்டா?

பத்திக்கு மேலே என் படம் இருக்கிறதே, பார்க்கவில்லையா? 1998-ல் எடுத்தது.