மொட்டைக் கோட்டு

கும்மிடிப்பூண்டியில் கோட்டுப் போடுகிறவர்கள் மூன்றே வகை. தொழிற்சாலையைப் பார்வையிட வரும் வெளிநாட்டுக்காரர், வக்கீல், வரவேற்பு மேடையில் நிற்கும் மாப்பிள்ளை. முதலாமவர் காரை விட்டு இறங்கிய ஐந்தாவது நிமிஷம் கழற்றிக் கையில் போட்டுக்கொள்வார். வக்கீலுக்கு வேறு வழியில்லை. மாப்பிள்ளைக்கு அன்றைக்குச் சூடு தெரியாது, பிறகுதான் தெரியும்.

நானும் 2003-இல் மூன்றாவது வகையாக இருந்தவன். கறுப்புக் கோட்டு. தையற்கூலியே சிப்காட்டில் அப்போது நான் வாங்கிய பாதி மாசச் சம்பளம். மாலை ஆறரைக்குப் போட்டேன், பத்தரைக்குக் கழற்றினேன். அதன் பிறகு இருபது வருஷம் அது பீரோவில் அந்துருண்டையோடு குடும்பம் நடத்தியது. கூடப் பிறந்த பேன்ட் எப்போதோ என் இடுப்பைக் கைவிட்டுவிட்டது. எந்த வீட்டு பீரோவைத் திறந்தாலும் இப்படி ஒரு கோட்டு தொங்கும். போடவும் முடியாது, தூக்கிப் போடவும் மனசு வராது.

மச்சினன் மகன் கிளாஸ்கோவில் படிக்கிறான். பட்டமளிப்பு விழாப் படம் அனுப்பினான். மேலே கோட்டு, டை. கீழே கட்டம் போட்ட கில்ட். அடிவயிற்றுக்கு முன்னால் ஒரு தோல் பை.

“ஏங்க, புள்ள பாவாடையில நிக்கிறானே?” என்றாள் என் மனைவி.

என் கண் கோட்டின் மேல்தான் இருந்தது. இடுப்போடு நின்றிருந்தது. கேட்டதற்கு விளக்கினான்: கில்ட்டைத் தொப்புள் மட்டத்தில் கட்டுவார்களாம். பேன்ட்டுக்குத் தைத்த கோட்டைப் போட்டால் கொசுவத்தில் பாதி மறைந்துவிடும். அதனால் அதற்கென்றே குட்டைக் கோட்டு உண்டு. புதுசு விலை அதிகம் என்று அங்கே பலர் பழைய கோட்டை வாங்கி, அடியில் ஐந்தாறு அங்குலம் வெட்டி, பாக்கெட் மூடியை மேலேற்றி, தோல் பை தெரிகிற மாதிரி முன்பக்கத்தை வளைத்துத் தாங்களே தைத்துக்கொள்கிறார்களாம்.

எனக்குப் பொறி தட்டியது. தொப்புள் மட்டத்தில் கட்டுவதும், கட்டம் போட்டதைக் கட்டுவதும் நமக்கென்ன புதுசா? பழவேற்காடு பக்கத்தில்தான் இருக்கிறது. 1613-இல் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டி உட்கார்ந்தது துணி வியாபாரத்துக்குத்தான். அந்தத் துணி கப்பலேறிப் போன இடத்தில் ஊர்ப்பெயரும் ஒட்டிக்கொண்டது. மலேசியாவில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் பெயர் ‘காயின் பெலிகாட்’. நல்ல கில்ட்டுக்கு எட்டு கஜம் துணி போகும். நாம் எட்டு முழத்தில் முடித்துவிடுகிறோம். சரியாகப் பாதிச் செலவு.

கோட்டும் வேட்டியும் நம் ஊருக்குப் பழக்கப்பட்ட ஜோடிதான். எங்கள் மாவட்டத்துத் திருத்தணிக்காரர் ராதாகிருஷ்ணன் தலைப்பாகை, நீளக் கோட்டு, வேட்டியோடுதானே உலகம் சுற்றினார்? நடுவில் எங்கோ கோட்டு பேன்ட்டோடு ஓடிப்போய்விட்டது. 2014-இல் சென்னையில் ஒரு கிளப், வேட்டியில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் வந்தது. ஸ்காட்லாந்துக்காரர்களின் உடைக்கு 1746-இல் போட்ட தடை நீங்க 1782 ஆயிற்று. வேட்டி விஷயத்தில் நமக்கு வேகம் அதிகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டைத் தரையில் விரித்தேன். கண்ணாடி முன் நின்று சாக்பீஸால் அளவு குறிக்கும்போது வயிற்றை எக்கிக்கொண்டேன். போட்டோவுக்கு எக்கலாம், அளவுக்கு எக்கக் கூடாது. மூச்சை விட்டபோது கோடு ஒன்றரை அங்குலம் மேலே போயிருந்தது. அதை நான் கவனித்தது வெட்டிய பிறகு.

கோட்டு என்பது ஒரு துணி இல்லை. வெளியே ஒன்று, உள்ளே லைனிங், நெஞ்சுப் பக்கம் நடுவில் கான்வாஸ். அடி மடிப்பைப் பிளேடால் பிரித்து, லைனிங்கைத் தனியே எடுத்து, பிறகுதான் வெட்ட வேண்டும். இதெல்லாம் இப்போது தெரியும், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கியவை உட்பட ஏழு கோட்டை வெட்டிய பிறகு. அன்றைக்கு மூன்றையும் சேர்த்து ஒரே போடாகப் போட்டேன். கத்தரி நறுக் நறுக்கென்று போனது. வலது பக்கம் வந்ததும் சத்தம் மாறியது. சரசரவென்று காகிதம்.

பாக்கெட் ஓட்டை வழியாக லைனிங்குக்குள் இறங்கி, அடி மடிப்பில் இருபது வருஷமாகப் படுத்திருந்த மொய்க் கவர். மேலே பொன்னேரி மாமா பெயர். உள்ளே ஐநூறு ரூபாய் நோட்டு, இப்போது இரண்டு துண்டாக.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மொய் நோட்டில் மாமா பெயர் இல்லை. ஐநூற்றொன்று வைத்தேன் என்று அவர் சொல்ல, இல்லவே இல்லை என்று எங்கள் அப்பா சாதிக்க, மாமா மகள் கல்யாணத்துக்கு நாங்கள் வெறும் நூற்றொன்று எழுதினோம். அன்றிலிருந்து மாமா எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. ஐநூறு ரூபாய் நோட்டோ 2016 நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரியே செத்துவிட்டது. என் கத்தரி வெட்டியது பிணத்தைத்தான்.

மொட்டைக் கோட்டு தைத்து முடிந்ததும் கட்டம் போட்ட கைலியின் மேல் அதை மாட்டிக்கொண்டு, நோட்டுத் துண்டுகளோடு பொன்னேரிக்கு மின்சார ரயில் ஏறினேன். சென்னையில் அது போய் நிற்கிற ஸ்டேஷனுக்கு மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் என்று பெயர்; பழைய சாமான் வாங்க ஊரே கூடிய மார்க்கெட் 1985-இல் எரிந்துபோன இடம். மார்க்கெட் இருந்திருந்தால் என் பொழுதுபோக்குக்கு இன்னும் தீனி கிடைத்திருக்கும். வாசலருகே நின்ற பையன் ஒருவன் என் கறுப்புக் கோட்டைப் பார்த்தான். கவரைப்பேட்டையில் சட்டென்று குதித்து இறங்கினான். பிளாட்பாரத்திலிருந்து திரும்பிப் பார்த்தவன் கண்ணில் கைலி பட்டது. ரயில் நகர்வதற்குள் ஏறிக்கொண்டான்.

“இன்னா சார், மேல டி.டி.ஆர்., கீழ பாசஞ்சரா?” என்றார் சுண்டல்காரர்.

பொன்னேரியில் மாமா துண்டுகளை வாங்கி ஒட்டவைத்துப் பார்த்தார். கவரில் தன் கையெழுத்தைத் தடவினார். என் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இருபது வருஷத்து வெற்றியை அனுபவிக்கிற முகம்.

“சரி மாப்ளே, ஐநூறு இருக்குது. அந்த ஒத்த ரூவா எங்க?”

கவரைக் கவிழ்த்தேன். இல்லை. வீட்டுக்குப் போன் போட்டேன். வெட்டிப்போட்ட அடித் துண்டு எங்கே என்று கேட்டதற்கு, “அதுலதான் அடுப்புல பாத்திரம் இறக்க ரெண்டு பிடிதுணி தச்சேனே” என்றாள் மனைவி. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “ஏங்க, ஒண்ணுல மட்டும் உள்ளே வட்டமா ஏதோ சுடுது. நான் பட்டன்னு நினைச்சேன்.”