நாகல் நகரில் கப்பல் கொடி

திண்டுக்கல்லுக்குக் கடல் கிடையாது. எந்தத் திசையில் புறப்பட்டாலும் அலையைப் பார்க்க நூறு கிலோமீட்டருக்கு மேல் போயாக வேண்டும். குடிக்கிற தண்ணீரையே ஆத்தூர் காமராசர் அணையிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவருகிற ஊர். ஆனால் கொடி விஷயத்தில் மட்டும் எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. மலைக்கோட்டை நாயக்கர் கையிலிருந்து மைசூர் கைக்கும், மைசூர் கையிலிருந்து கும்பினி கைக்கும் மாறியபோதெல்லாம் ஒவ்வொரு கொடியாக ஏறி இறங்கியதைப் பார்த்த ஊர் இது. 1972 அக்டோபரில் பிறந்த அ.தி.மு.க., இரட்டை இலையில் நின்று முதன்முதலாக ஜெயித்தது 1973 மே மாதம் நடந்த எங்கள் ஊர் இடைத்தேர்தலில்தான். மாயத்தேவர் வென்ற அந்தத் தேர்தலின் கொடிப் போரை எங்கள் அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். தூரத்தில் வரும் காரின் முகப்பில் படபடக்கிற துணியைப் பார்த்தே, வருவது மாவட்டமா ஒன்றியமா, எழுந்து நிற்பதா, பார்க்காததுபோல் பேப்பரைத் தூக்கிப் பிடிப்பதா என்று முடிவெடுக்கிற சனம் நாங்கள்.

இப்படிப்பட்ட ஊருக்குக் கப்பல் கொடி தைக்கச் சொல்லி ஆர்டர் வந்தது.

என் தங்கை மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். அந்த வேலை போக மிச்ச நேரத்தில் பாய்மரப் படகு ஓட்டப் பழகுகிறான். சென்னைத் துறைமுகத்துக்குள் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் என்று 1911 முதல் ஒன்று இருக்கிறதாம். அவன் சொல்லித்தான் எனக்கே தெரியும். "நம்ம வம்சத்துல ஊருணியைத் தாண்டினவன் கிடையாதேண்ணே" என்று தங்கை என்னிடம் அழுதாள். நான் விஷ்ணு சரவணன் பேரைச் சொல்லிச் சமாதானப்படுத்தினேன். வேலூரில் பிறந்தவர், டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்குக்குப் பாய்மரப் படகோடு போய்வந்தவர். வேலூரில் ஏது கடல்? பாலாற்றில் தண்ணீராவது இருக்கிறதா? தங்கை கொஞ்சம் அடங்கினாள்.

அவன்தான் போன் செய்தான். "மாமா, சிக்னல் கொடி ஒரு செட் வேணும். கடையில வெலை அநியாயம். நம்ம ஊர்ல கட்சிக்கொடி தைக்கிறவங்க இருக்காங்கல்ல?"

"இருக்காங்க. எத்தனை கொடி?"

"நாப்பது."

"ஒரே கொடி நாப்பதா?"

"இல்ல மாமா, நாப்பதும் வேற வேற."

ஆங்கில எழுத்துக்கு ஒன்றாக 26, எண்களுக்குக் கூர்வால் கொடி 10, ஒரே எழுத்து இரண்டாம் தடவை வந்தால் ஈடுகட்ட மாற்றுக்கொடி 3, 'நீ சொன்னது புரிந்தது' என்று பதில் காட்ட ஒன்று. உலகத்துக் கப்பல் அத்தனைக்கும் பொதுவான பாஷை இது. 1857இல் பிரிட்டிஷ்காரர்கள் போட்ட புத்தகத்திலிருந்து மாறி மாறி வளர்ந்து வந்தது. ஒரு துணியை ஏற்றினால் ரஷ்யக்காரனுக்கும் ஜப்பான்காரனுக்கும் ஒரே அர்த்தம்.

நாகல் நகரில் எங்கள் டெய்லர் கடை. தேர்தல் வந்தால் நாலு மிஷின், வராவிட்டால் ஒரு மிஷின். படத்தை விரித்ததும் அவர் முதலில் கேட்டது, "பச்சை இல்லையாண்ணே?" இல்லை. காவியும் இல்லை. சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு, வெள்ளை, அவ்வளவுதான். கடல் வெளிச்சத்தில் தூரத்திலிருந்து ஒன்றோடொன்று குழம்பாமல் தெரிவது இந்த ஐந்துதானாம். அதிலும் இஷ்டத்துக்குச் சேர்ப்பதில்லை. பெரும்பாலும் வெளிறிய நிறத்துக்குப் பக்கத்தில் அழுத்தமான நிறமாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள். டெய்லர் மெச்சினார்.

மெச்சல் தையல் வந்ததும் தீர்ந்தது. கட்சிக்கொடிக்குச் சாட்டினில் ஒரு பக்கம் அச்சடித்தால் போதும். மறுபக்கம் சின்னம் திரும்பித் தெரிந்தாலும் தொண்டன் மன்னிப்பான். கப்பல் கொடி அப்படி இல்லை. எதிரே வருகிறவன் எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பான் என்று சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனித் துண்டாக வெட்டி, இரு புறமும் பிசிர் தெரியாமல் மடித்து இரட்டைத் தையல் அடிக்க வேண்டும். கயிறு வருகிற ஓரத்தில் தடித்த நாடா. காற்றில் அடிபடுகிற எதிர் ஓரம்தான் முதலில் கிழியும் என்பதால் அங்கே கூடுதலாக ஒரு தையல். ஒய் எழுத்துக்கு மஞ்சளும் சிவப்பும் மாறி மாறிச் சாய்ந்த பட்டைகள். "எல்லாம் கிராஸ்ல வருதுண்ணே, இழுத்துக்கும்" என்று ஒவ்வொரு பட்டைக்கும் குண்டூசி குத்தி, பேப்பர் வைத்து அடித்தார். அன்றைக்கு அவர் யாருடனும் பேசவில்லை.

தைத்ததையெல்லாம் கடை வாசலில் கொடிக்கயிறு கட்டித் தொங்கவிட்டோம். அங்கேதான் ஆரம்பித்தது.

"எந்தக் கட்சிண்ணே?" என்றார் பால்காரர். "எல்லாக் கட்சியுமா? மெகா கூட்டணியா?" என்றார் அவர் பின்னால் வந்தவர். மேலே நீலம், கீழே சிவப்பாக இருந்த ஈ எழுத்துக் கொடியை ஒரு தம்பி பைக்கை நிறுத்தி உற்றுப் பார்த்துவிட்டு, "நடுவுல நட்சத்திரம் வைக்க மறந்துட்டீங்க" என்றான். கடலில் அதற்கு 'நான் வலப்பக்கம் திரும்புகிறேன்' என்று அர்த்தம். தேர்தல் நெருங்குகிற நேரத்தில் இதையெல்லாம் விளக்கிச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

பக்கத்து டீக்கடைத் தோழர் மட்டும் பொறுமையாகப் படித்தார். மீன்வால் வெட்டிய முழுச் சிவப்புக் கொடியைத் தொட்டு, "இது?" என்றார். பி எழுத்து. 'ஆபத்தான சரக்கை ஏற்றுகிறேன், இறக்குகிறேன், அல்லது கொண்டுபோகிறேன்.'

"சரியாத்தான் சொல்லியிருக்கான்" என்றார்.

படகுப் பந்தயத்தில் இன்னொரு படகு விதியை மீறினால், ஆட்சேபம் தெரிவிக்க ஏற்றுவதும் சிவப்புக் கொடிதான் என்றேன். அன்றைக்கு எனக்கும் டெய்லருக்கும் டீ இலவசம்.

இரவில் மருமகன் போனில் பாடம் எடுப்பான். கொடிக்கும் குடும்ப மரியாதை போல ஒழுங்கு உண்டு. நாட்டுக்கொடி படகின் பின்கோடியில்தான் பறக்க வேண்டும். துறைமுகத்தில் நின்றால் காலை எட்டு மணிக்கு ஏற்றி, சூரியன் மறையும்போது இறக்கிவிட வேண்டும். தினம் இறக்குகிறார்கள் என்பதே எனக்குப் புதுச்செய்தி. எங்கள் ஊரில் கொடி ஏற்றத் தலைவர் வருவார், பூரணகும்பம் வரும், வேட்டு வெடிக்கும். இறக்க ஆள் வந்து நான் பார்த்ததில்லை. வெயிலில் நிறம் போய், நூல் நூலாகப் பிரிந்து, கடைசியில் எந்தக் கட்சி என்று தெரியாத சமரச நிலையை எய்தி, அதுவாகத்தான் விழும்.

வணிகக் கப்பல் போர்க்கப்பலைக் கடந்தால் தன் கொடியைப் பாதிக்குமேல் தாழ்த்திக் காத்திருக்கும். போர்க்கப்பல் தன் கொடியை ஒருமுறை இறக்கி ஏற்றிய பிறகுதான் இதுவும் ஏற்றும். கேட்டவுடன் பிடிபட்டது எனக்கு. மடித்துக் கட்டிய வேட்டியோடு நிற்கும்போது பெரியப்பா எதிரே வந்தால் அவிழ்த்து விடுகிறோம். அவர் "ம்" என்று தலையசைத்துத் தாண்டியதும் திரும்பவும் மடித்துக் கட்டுகிறோம். கடல்காரர்கள் இதை எங்களிடம்தான் கற்றிருக்க வேண்டும்.

வேறு நாட்டுத் துறைமுகத்துக்குள் நுழைகிற படகு முதலில் முழு மஞ்சள் கொடியை ஏற்றும். 'என் படகில் நோய் இல்லை, உள்ளே விட அனுமதி வேண்டும்' என்று பொருள். சுங்கம், குடியேற்றம் எல்லாம் முடிந்ததும் மஞ்சளை இறக்கிவிட்டு, வலப்பக்கக் கயிற்றில் அந்த நாட்டின் கொடியைச் சின்னதாக ஏற்ற வேண்டும். போன வீட்டுக்குக் காட்டும் மரியாதை அது. கிழிந்ததை ஏற்றினால் அவமானப்படுத்தியதாக எடுத்துக்கொள்வார்களாம்.

பந்தயம் தொடங்குவதும் கொடியால்தான். ஐந்து நிமிடம் இருக்கும்போது படகு வகைக்கான கொடி ஏறும். நாலு நிமிடத்தில் பி ஃபார் பீட்டர், நீலத்துக்கு நடுவே வெள்ளைக் கட்டம். ஒரு நிமிடத்தில் பீட்டர் இறங்கும். பூஜ்யத்தில் வகைக்கொடியும் இறங்கினால் புறப்பாடு. ஒவ்வொன்றுக்கும் ஹாரன் அடிப்பார்கள். ஆனால் ஹாரன் அடிக்காமல் போனாலும் கவலை இல்லை, கணக்கு கொடிக்குத்தான் என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மைக் செட்டு கட்டாமல் காதுகுத்துகூட நடக்காத ஊரில் பிறந்தவனுக்கு இதை நம்ப நேரம் பிடித்தது. முந்திப் புறப்பட்டவனைத் திருப்பியழைக்க ஒரு கொடி. ஒட்டுமொத்தமாக எல்லாரும் முந்திவிட்டால் அதற்கு ஒன்று. ஒத்திவைப்புக்குச் சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக ஒரு கூர்வால் கொடி. ஆறு மணிப் பொதுக்கூட்டத்துக்குத் தலைவர் ஒன்பதரைக்கு வருகிற மணிக்கூண்டுப் பக்கம் அதில் ஒன்று நிரந்தரமாகவே நட்டு வைக்கலாம்.

இதே பீட்டர் கொடியைத் துறைமுகத்தில் நிற்கிற கப்பல் ஏற்றினால் 'புறப்படப் போகிறோம், எல்லாரும் கப்பலுக்கு வந்து சேருங்கள்' என்று பொருள். கோட்டை மாரியம்மனுக்கு மாசித் திருவிழாக் கொடி ஏறிவிட்டால், வெளியூரில் தங்காதே என்று எங்கள் அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. அங்கே கிளம்பக் கூப்பிடுகிறார்கள், இங்கே கிளம்பாதே என்கிறார்கள்.

அம்மாவுக்குத் தெரிந்த ஒரே துறைமுக பாஷை புயல் கூண்டு. நாகப்பட்டினத்தில் எட்டாம் எண் என்று ரேடியோ சொன்னால், மொட்டை மாடியில் காய்கிற வத்தலை அள்ளி உள்ளே வைப்பாள். எண் ஒன்றிலிருந்து பதினொன்று வரை. எங்கோ தூரத்தில் உருவாகியிருக்கிறது என்பதில் தொடங்கிப் பத்தில் பெரும் அபாயம். பதினொன்று அதைவிட மோசம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். விசாரித்தால், வானிலை அலுவலகத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தமாம். தகவல் இல்லை என்பதையும் தகவலாக ஏற்றிவிடுகிற நேர்மை! 2018 நவம்பர் 16ஆம் தேதி வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, கூண்டு ஏற்றத் துறைமுகமே இல்லாத எங்கள் மாவட்டத்துக்குள் நுழைந்து, கொடைக்கானல் மலையைச் சரித்துவிட்டுக் கேரளத்துக்குப் போனது. அன்றைக்கு வத்தல் எடுக்க அம்மா இல்லை.

நாற்பது கொடியின் அர்த்தத்தையும் ஒரு நோட்டில் எழுதி முடித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. கரையில் பறக்கிற கொடி எல்லாம் 'நான் யார் தெரியுமா?' என்கிறது. கப்பல் கொடியோ 'எனக்கு என்ன ஆயிற்று தெரியுமா?' என்கிறது. எனக்கு டாக்டர் வேண்டும். எனக்கு உதவி வேண்டும். நான் பழுதாகிக் கிடக்கிறேன். ஆள் தண்ணீரில் விழுந்துவிட்டான். என்னால் சரியாகத் திருப்ப முடியவில்லை, தள்ளிப் போ. இந்தக் கடைசிக் கொடியை எங்கள் பஸ் ஸ்டாண்டு முன்னால் திரும்புகிற ஷேர் ஆட்டோக்களுக்கு இலவசமாகத் தரலாம். ஆனால் ஒருத்தர்கூடக் கட்ட மாட்டார். தன் குறையைக் கம்பத்தில் ஏற்றுகிற பழக்கம் நமக்குக் கிடையாது. நாம் பக்கத்து வீட்டுக்காரன் குறையைத்தான் ஏற்றுவோம்.

செட்டை மடித்துப் பார்சல் கட்டுகிற சமயத்தில் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. வார்டுக்கு ஏதோ நலச்சங்கம் ஆரம்பிக்கிறாராம், யாரிடமும் இல்லாத டிசைனில் கொடி வேண்டுமாம். தொங்குவதை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, மஞ்சளும் சிவப்பும் சாய்ந்து ஓடுகிற ஒய் கொடியில் கை வைத்தார்.

"இது எடுப்பா இருக்கே. யாருதும் இல்லையே?"

"யாருதும் இல்லைங்க" என்றார் டெய்லர். குண்டூசி நாளை நினைத்து அவர் முகம் மாறியது.

எனக்கு மனசு கேட்கவில்லை. "அதுக்கு ஒரு அர்த்தம் இருக்குங்க. 'என் நங்கூரம் பிடிக்கலை, இழுத்துக்கிட்டுப் போகுது'ன்னு அர்த்தம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். மறுபடியும் டெய்லரிடம் திரும்பினார்.

"சாயம் போகாதுல்ல? நூறு தைச்சா என்ன வெலை போடுவீங்க?"