உள்ளங்கையில் வைக்கோல் பட்டாளம்

நெப்போலியன் காலத்துச் சண்டையை மேசைமேல் பொம்மைப் பட்டாளம் வைத்து விளையாடுகிறவர்களின் விதிப்புத்தகம் தலையணை கனம் இருக்கும். குதிரைப்படை ஒரு தடவைக்கு எத்தனை அங்குலம் நகரலாம், பகடையில் எவ்வளவு விழுந்தால் சிப்பாய்க்குத் தைரியம் போகும், எல்லாம் அதில் உண்டு. விளையாட்டு பிரஷ்யாவில் பிறந்ததாம். 1812-ல் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு தன் அரசருக்கு இழுப்பறை வைத்த மேசையிலேயே ஒரு போர்க்களம் செய்து கொடுத்தார். இருக்கட்டும் அண்ணாச்சி. அதற்குப் பதினோரு வருஷம் முந்தியே எங்கள் ஜில்லாவில் ஒருவர் மேசையும் பகடையும் இல்லாமல் ஆடிவிட்டார்.

ஊமைத்துரை, கட்டபொம்மனின் தம்பி. 1799 அக்டோபர் 16-ல் அண்ணனைக் கயத்தாறில் தூக்கிலிட்ட கிழக்கிந்தியக் கம்பெனி, தம்பியைப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தது. 1801 பிப்ரவரி 2 அன்று மேஜர் மெக்காலே வீட்டில் துரைமார்களுக்கு விருந்து. இங்கே முள்கரண்டி தட்டில் படுகிற நேரம், அங்கே காவலர்களை மடக்கிவிட்டுக் கைதிகள் பாஞ்சாலங்குறிச்சிக்கு ஓட்டம். ‘தளபதி பந்தியில் இருந்தால் ஒரு ஆட்டம் இழப்பு’ என்று விதி சேர்ப்பது நல்லது.

அந்த மாதம்தான் நெப்போலியன் லூனேவில்லில் ஆஸ்திரியாவிடம் ஒப்பந்தக் கையெழுத்து வாங்கினார். இங்கேயோ, கம்பெனி இடித்துப் போட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை ஆறே நாளில் எழுந்து நின்றது. எங்கள் தெருவில் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளம் மூடப்பட எத்தனை மாதம் ஆனது என்பதை இந்த இடத்தில் சொல்வது மரியாதையாக இருக்காது.

இனிதான் விஷயம். ஊமைத்துரைக்குப் பேச்சு வராது. ஆனால் அவர் கை அசைந்தால் ஊரே அசையும். எதிர்ப்பக்கம் நின்று சண்டை போட்ட ஜேம்ஸ் வெல்ஷ் பிற்பாடு தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்: ஊமைத்துரை சில வைக்கோல் துணுக்குகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் அடுக்குவாராம். அதுதான் வெள்ளைக்காரப் பட்டாளம். எப்போது என்பதைச் சைகையில் காட்டிவிட்டு, மற்றக் கையால் ஒரே வழிப்பு. வாயில் ‘உஸ்’ஸென்று ஒரு சத்தம். புறப்படு என்று அர்த்தம். அதோடு முதல் ஆளாய் அவரே கிளம்பியும் விடுவார். மேசை விளையாட்டுக்காரர்கள் யாரும் இந்த வேலை செய்வதில்லை.

மார்ச் 31-ல் கம்பெனி கோட்டைச் சுவரை உடைத்துக்கொண்டு நுழையப் பார்த்தது. உள்ளே நீள ஈட்டிகள் காத்திருந்தன. வந்த வழியே திரும்பினார்கள். பிறகு கர்னல் அக்னியூ பெரிய பீரங்கிகளோடு வந்து, மே 24-ல்தான் கோட்டையைப் பிடிக்க முடிந்தது. நவம்பர் 16-ல் ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிட்டார்கள்.

இந்தச் சண்டையை மேசைமேல் ஆட ஆசைப்படுகிறவர்கள் வரலாம். பொம்மை வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம், ஒரு பிடி வைக்கோல் போதும். கம்பெனி பக்கம் ஆடுகிறவர் மட்டும் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வரவும்.